சொற்புதிரும் பொது அறிவும் சேர்ந்த தமிழ்ப் போட்டி நிகழ்ச்சி: எழுத்துக் கட்டங்கள் இருக்கும்போது நான்கு தெரிவுகள் எதற்கு?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கருத்தை இங்கே வைக்கிறேன்.

நம் தமிழ்த் தொலைக்காட்சிகளில் அறிவுப் போட்டி என்றால் இரண்டு வகைதான் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, கேள்வியையும் நான்கு விடைகளையும் திரையில் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வது. 2000ஆம் ஆண்டில் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய கோடீஸ்வரன், 2012இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா நடத்திய நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி ஆகியவை அந்த வகை. மற்றொன்று சொல்லை மட்டுமே மையமாகக் கொண்டது. ஜேம்ஸ் வசந்தன் தொகுத்து வழங்கிய ஒரு வார்த்தை ஒரு லட்சம் நிகழ்ச்சியில், இணையரில் ஒருவர் குறிப்புச் சொல்ல மற்றவர் சொல்லைக் கண்டுபிடிப்பார். முதல் வகை செய்தியைச் சோதிக்கிறது. இரண்டாவது வகை சொல்வளத்தைச் சோதிக்கிறது. இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துத் தைத்த நிகழ்ச்சி தமிழில் நிலைத்து நிற்கவில்லை என்பதே என் வருத்தம்.

ஒரு சுற்று பொது அறிவு, அடுத்த சுற்று சொல் விளையாட்டு என்று மாற்றி மாற்றி வைப்பதை நான் இணைப்பு என்று கருதவில்லை. சொற்புதிரை அவிழ்ப்பதற்கே பொது அறிவு வேண்டும். பொது அறிவுக் கேள்வியில் தடுமாறும்போது எழுத்துகள் கைகொடுக்க வேண்டும். என் மாணவர்களுக்காக நான் எழுதிய ஒரு புதிரைச் சொன்னால் விளங்கும்.

ஐந்தெழுத்துச் சொல். 1, 2, 5ஆம் எழுத்துகள் சேர்ந்தால் பன்னிரண்டு மரக்கால் கொண்ட முகத்தல் அளவு. 1, 4, 5 சேர்ந்தால் விநாயகருக்கு ஐந்து இருப்பது. 3, 4, 5 சேர்ந்தால் கைகேயி தசரதனிடம் இரண்டு கேட்டுப் பெற்றது. முழுச் சொல்லும் ஊரில் மூண்டால் கடைகளை அடைத்துவிடுவார்கள்.

கலம், கரம், வரம். முழுச் சொல் கலவரம். இதில் மரக்கால் கணக்கை அறியாத பிள்ளைகூட கரத்தையும் வரத்தையும் கண்டுபிடித்துவிட்டால், க, வ, ர, ம் ஆகிய நான்கு எழுத்துகள் கிடைத்துவிடும். மீதமுள்ள ஓர் எழுத்தை ஊகித்து முழுச் சொல்லை எட்டியபின், 'அப்படியானால் பன்னிரண்டு மரக்கால் என்பது ஒரு கலம்' என்று திரும்பி வந்து கற்றுக்கொள்ளும். நான்கு தெரிவுகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டவர் சரியாகவே சொல்லியிருந்தாலும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியவருக்கு விடை மறப்பதில்லை.

மாலை வேளையில் என் அம்மா முறத்தில் அவரைக்காயை வைத்து நார் உரித்துக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பார். தெரிவுகள் திரையில் வரும்போது அவருடைய கை நிற்பதில்லை. யார் வென்றால் என்ன என்பதுபோல் உரித்துக்கொண்டே இருப்பார். மேற்கண்ட புதிரை நான் வாசித்தபோது கை நின்றுவிட்டது. பாதி உரித்த காயை விரலில் பிடித்தபடி, 'கலம்' என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொன்னார், ஏனெனில் அவர் சிறுமியாக இருந்தபோது களத்துமேட்டில் நெல் அளந்து போட்டதைப் பார்த்தவர். பார்ப்பவரின் கையை நிறுத்துகிற வடிவமே நல்ல வடிவம் என்று நான் நம்புகிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

ஓலைச்சுவடி

அம்மையீர், தாங்கள் புதிதாகக் கண்டதாக நினைக்கும் வடிவம் நம்மிடம் முன்னரே இருந்தது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலின் சொல்லணியியலில், எழுத்தையும் சொல்லையும் வைத்து விளையாடும் சித்திரகவிகளுள் ஒன்றாக வினாவுத்தரம் என்பது சொல்லப்படுகிறது. பல வினாக்களை அடுக்கி, அவற்றின் விடைகளைச் சேர்த்தால் இறுதி வினாவின் விடையாக ஒரு சொல் அமையும்படி பாடுவது அது. அங்கே காட்டப்படும் எடுத்துக்காட்டின் பொருளை மட்டும் தருகிறேன். திருமகளுக்குப் பெயர் என்ன? திரு. செல்லவேண்டியவனை ஏவுகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரிடும் சரத்துக்குப் பெயர் என்ன? அம்பு. அழகுக்குப் பெயர் என்ன? அம். பிறைசூடிய பெருமான் மகிழ்ந்து உறையும் இடம் எது? திரு, ஏகு, அம்பு, அம் ஆகிய நான்கும் புணர்ந்து திருவேகம்பம், அதாவது காஞ்சிபுரத்து ஏகம்பம்.

இதில் கூர்ந்து பார்க்கவேண்டியது புணர்ச்சி. வெறுமனே ஒட்டவைத்தால் சொல் வராது. உடம்படுமெய் தோன்றவேண்டும், உகரம் கெடவேண்டும். ஆகவே கேள்விகளுக்கு விடை தெரிந்தால் மட்டும் போதாது, இலக்கணமும் தெரிந்திருக்கவேண்டும்.

அதே பட்டியலில் எழுத்து வருத்தனம் என்றும் ஒன்று உண்டு. ஒரு சொல்லின் முன்னால் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போவது. கம் என்றால் தலை, நகம் என்றால் மலை, கனகம் என்றால் பொன், கோகனகம் என்றால் தாமரை. எழுத்தைக் குறைத்துக்கொண்டே போவதற்கு அக்கரச்சுதகம் என்று பெயர். வெளிநாட்டு வடிவங்களுக்கு உரிமத்தொகை கட்டி வாங்குகிற தயாரிப்பு நிறுவனங்கள் இந்தப் பக்கங்களை ஒருமுறை புரட்டியிருந்தால், மூன்று சுற்றுகளுக்கான விதிமுறை அப்படியே கிடைத்திருக்கும்.

எழுத்தெண்ணி

ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நடைமுறையில் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருக்கிறது; அதை நான் நேரில் பட்டவன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாவட்டத்தில் ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி பொங்கலுக்காக ஒரு சொல் போட்டியைப் படம்பிடித்தது. நானும் என் தங்கையும் ஓர் அணி. 'ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி நிற்பதாக ஔவையார் பாடிய பறவை எது?' என்பது கேள்வி. திரையில் ஆறு கட்டங்கள் தோன்றின. கொக்கு என்று இருவருக்கும் உடனே தோன்றியது. ஆனால் கொ, க், கு என்று எண்ணினால் மூன்றெழுத்துதான் வருகிறது. ஆறு எழுத்தில் வேறு ஏதோ பறவையைக் கேட்கிறார்கள் என்று எண்ணி நாங்கள் பொத்தானை அழுத்தாமல் விட்டோம். எதிரணியினர் கட்டங்களைப் பார்க்காமலே கொக்கு என்றார்கள். புள்ளி அவர்களுக்குப் போயிற்று.

பிறகுதான் காரணம் புரிந்தது. கணினிக்குள் தமிழ் எழுத்துகள் ஒருங்குறியில் (யூனிகோடில்) துண்டுதுண்டாகச் சேமிக்கப்படுகின்றன. கொக்கு என்பதில் ககரம் மூன்று, ஒகரக்குறி ஒன்று, புள்ளி ஒன்று, உகரக்குறி ஒன்று, ஆக ஆறு குறியீடுகள். திரைக்காட்சியை வடிவமைத்தவர் அந்தக் குறியீடுகளை எண்ணிக் கட்டம் போட்டுவிட்டார். ஆங்கிலத்துக்காக எழுதிய நிரலைத் தமிழுக்கு அப்படியே பொருத்தினால் இதுதான் நடக்கும். சரிசெய்வது கடினமன்று, துணைக்குறிகளையும் புள்ளியையும் முன்னிருக்கும் எழுத்தோடு சேர்த்து ஒன்றாக எண்ணச் சொன்னால் போதும். தமிழ் தெரிந்த ஒருவர் ஒத்திகையின்போது உடன் அமர்ந்திருந்தாலே கண்டுபிடித்திருப்பார். தோற்றதைவிட, படப்பிடிப்பு முடிந்து நான் எடுத்துச் சொன்னபோது 'பார்ப்பவர்களுக்கு அதெல்லாம் தெரியாது' என்று கிடைத்த பதில்தான் என்னை வருத்தியது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று தொடக்கப்பள்ளியில் ஒப்பித்த எல்லாருக்கும் அது தெரியும்.

ஓலைச்சுவடி

தம்பி, தங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆயினும் எண்ணிக்கையில் ஒரு நுட்பம் உண்டு. கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 என்று எழுத்தெண்ணும்போது ஒற்றுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த முறைப்படி கொக்கு ஈரெழுத்தாகிவிடும். குறுக்கெழுத்துப் புதிர்களிலோ ஒற்றுக்கும் தனிக் கட்டம் தருகிறோம். ஆகவே நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே 'புள்ளியெழுத்தும் ஓர் எழுத்தாக எண்ணப்படும்' என்று தொகுப்பாளர் அறிவித்துவிடுவது நல்லது. க்ஷ, ஸ்ரீ போன்றவற்றுக்கும் விதி வேண்டும். என்னைக் கேட்டால் அவை வரும் சொற்களையே விடையாக வைக்காமல் விட்டுவிடலாம்.

நெடுந்தீவான்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தவன்; மாணவனாக லண்டனுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். 1983இல் இங்கே ஐடிவி தொலைக்காட்சியில் தொடங்கிய பிளாக்பஸ்டர்ஸ் என்ற போட்டியைப் பார்த்துத்தான் என் ஆங்கிலச் சொல்வளத்தை வளர்த்துக்கொண்டேன். பாப் ஹோல்னஸ் நடத்துவார். பள்ளி மாணவர்கள் பங்கேற்பார்கள். அறுகோணக் கட்டங்கள் இருபது தேன்கூடுபோல் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து இருக்கும். போட்டியாளர் ஓர் எழுத்தைக் கேட்க, அந்த எழுத்தில் தொடங்கும் விடையுள்ள பொது அறிவுக் கேள்வி வரும். ஒரு பக்கம் தனியாள், மறுபக்கம் இருவர். தனியாள் மேலிருந்து கீழாகவும் இருவரணி இடமிருந்து வலமாகவும் தங்கள் நிறத்தில் தொடர்பாதை அமைக்கவேண்டும். தனியாளின் பாதைக்கு நான்கு கட்டங்களே போதும். இருவரணிக்கு ஐந்து வேண்டும். ஆகவே எந்த எழுத்தைக் கேட்பது என்பதிலும் ஒரு வியூகம் இருக்கும்.

இதைத் தமிழில் செய்யலாமா என்று நான் பலமுறை தாளில் போட்டுப் பார்த்திருக்கிறேன். சிக்கல் மொழிமுதல் எழுத்தில் வருகிறது. பதினெட்டு மெய்களில் ங, ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய ஒன்பதும் நம் மரபில் சொல்லுக்கு முதலாக வருவதில்லை. மீதமுள்ள ஒன்பதிலும் யகரத்தைத் தொல்காப்பியம் ஆகாரத்தோடு மட்டுமே அனுமதிக்கிறது. ஞகரத்திலும் சொற்கள் குறைவு. ஆனால் இதையே பலமாக மாற்றிக்கொள்ள முடியும் என்பது என் முடிவு. வெறும் 'க' என்று வைக்காமல் கா, கி, கு, கொ என்று உயிர்மெய்யாகவே கட்டத்தில் வைத்தால், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தரும் துப்பைவிடத் தமிழில் கூடுதலான துப்புக் கிடைக்கிறது. கேள்வி கடினமாக இருந்தாலும் எழுத்து தாங்கிக்கொள்ளும்.

எழுத்தை வைத்து விளையாடுவது எங்களுக்குப் புதிதுமன்று. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீத் அவர்கள் நடத்திய பாட்டுக்குப் பாட்டை நினைத்துப் பாருங்கள். கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டை மணி அடிப்பதற்குள் பாடவேண்டும். பிறகு அது தமிழகத் தொலைக்காட்சிக்கும் வந்தது. எழுத்து, நினைவாற்றல், நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அரங்கு எப்படி உயிர்பெறும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கார்த்திகைப்பூ

ரயில், லாரி, டம்ளர் என்றெல்லாம் நாம் நாள்தோறும் பேசுகிறோமே, அவற்றை விடையாக ஏற்கவேண்டாமா? ரகரத்தையும் லகரத்தையும் கட்டத்தில் வைக்காவிட்டால் நிகழ்ச்சி தேர்வுக்கூடம்போல் ஆகிவிடும். மக்கள் தொலைக்காட்சியில் தமிழ் பேசு தங்கக் காசு பார்த்து வளர்ந்தவள் நான். ஆங்கிலம் கலக்காமல் பேசவேண்டும் என்ற விதி அந்த நிகழ்ச்சியின் உயிர். ஆனால் எல்லா நிகழ்ச்சிக்கும் அதே விதி பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வைகைக்கரை

தங்கையே, தமிழகராதியில் ஏறிவிட்ட சொல்லை ஏற்கலாம் என்பது என் நிலைப்பாடு. ரயிலை மறுக்கவேண்டியதில்லை. எது அகராதி என்பதை மட்டும் முன்கூட்டியே அறிவித்து, அரங்கில் ஒரு தமிழாசிரியரை நடுவராக அமர்த்திவிட்டால் வாக்குவாதம் எழாது.

இதைவிடப் பெரிய சிக்கல் வட்டார வழக்கு. நெடுந்தீவான் அவர்களே, நிலத்துக்கடியில் காய்க்கும் எண்ணெய் வித்து எது என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நெடுந்தீவான்

கச்சான் என்றுதான் முதலில் வாயில் வரும். நல்லூர்த் திருவிழாவில் கச்சான் வாங்காமல் வீடு திரும்பியவர் உண்டா?

எழுத்தெண்ணி

எங்கள் பக்கம், விழுப்புரம் வட்டாரத்தில், மல்லாட்டை என்போம். பாருங்கள்: கச்சான் நான்கெழுத்து, மல்லாட்டை ஐந்தெழுத்து. ஆகக் கட்டங்களின் எண்ணிக்கையே எந்தச் சொல் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் நிலக்கடலைக்கும் ஆறு கட்டம், வேர்க்கடலைக்கும் ஆறு கட்டம். அங்கே முதலெழுத்தையும் திறந்து காட்டியே ஆகவேண்டும். கேள்வி தயாரிப்பவர் இப்படி ஒவ்வொரு விடைக்கும் மாற்றுச் சொற்களை எழுதி, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அட்டையை ஒப்படைக்கவேண்டும். ஒரு கேள்விக்கு அரைமணி நேரம் பிடிக்கும் வேலை. அந்த உழைப்புக்கு எந்தத் தயாரிப்பாளர் சம்பளம் ஒதுக்குவார் என்பதுதான் என் ஐயம்.

அல்சூர் ஏரி

சம்பளப் பேச்சு வந்ததால் எங்கள் ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்கிறேன். பெங்களூரில் டிடி சந்தனாவில் தட் அந்த ஹேளி என்ற கன்னட வினாடிவினா 2002ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கியது. பெயருக்குப் பொருள் 'சட்டெனச் சொல்லுங்கள்'. நடத்துபவர் நா. சோமேஸ்வர, மருத்துவர். ஆயிரக்கணக்கான பகுதிகள் ஒளிபரப்பாகிவிட்டன. பரிசு கோடியும் இல்லை, லட்சமும் இல்லை; சரியான விடைக்குக் கன்னடப் புத்தகம். போட்டியாளர்கள் கைநிறையப் புத்தகங்களோடு சிரித்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது, பெரும்பரிசு இல்லாவிட்டால் மக்கள் பார்க்கமாட்டார்கள் என்பது எவ்வளவு தவறான கணக்கு என்று புரியும். அலங்கார விளக்குகளுக்கும் பரிசுத்தொகைக்கும் செலவிடுவதில் ஒரு சிறு பங்கைக் கேள்வி எழுதுபவருக்குக் கொடுத்தால் போதும். பரிசாகத் தமிழ்ப் புத்தகம் தரலாம்.

செங்கல்சூளை

அனைவரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தை நான் சொல்லவேண்டியிருக்கிறது. நான்கு தெரிவுகள் உள்ள வடிவத்தை நீங்கள் எளிதாகத் தள்ளிவிட்டீர்கள். என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தொகுப்பாளர் தெரிவுகளை வாய்விட்டுப் படிக்கும்போது அவர் 'இரண்டாவதுதான்' என்று எங்களுக்கு முன்னால் சொல்லுவார். ஆறு, அணை, மழை, மாடு பற்றிய கேள்விகளில் அவரை மிஞ்ச எங்கள் வீட்டில் ஆளில்லை. ஒன்றாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் சேர்ந்தால் என்ன என்று கேட்டால் அவர் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். எழுத்துப் புதிர் என்பது பள்ளிக்கூடம் போனவர்களுக்கு மட்டுமான இன்பம். வட்டாரத் தொலைக்காட்சி என்பது எல்லாருக்குமானதாக இருக்கவேண்டும் அல்லவா?

வைகைக்கரை

அண்ணா, இதை நான் எண்ணிப் பார்க்காதது என் குறையே. உடனே பதில் எழுதத் தோன்றாமல் இரண்டு நாள் யோசித்தேன்.

உங்கள் அப்பாவைத் திண்ணைக்கு அனுப்பும் நிகழ்ச்சி எனக்கும் வேண்டாம். ஆனால் விடுகதை எழுத்தறியாதவர்கள் வளர்த்த சொத்து. ஆகவே புதிரைக் கட்டமாக மட்டும் காட்டாமல், ஒவ்வொரு சிறுசொல்லுக்குமான கேள்வியைத் தொகுப்பாளர் முழுமையாக வாய்விட்டுச் சொல்லவேண்டும். விடை வந்ததும் எழுத்துகளைச் சேர்க்கும் வேலை திரையில் நடக்கட்டும். கைகேயி கேட்டது எது, களத்தில் நெல் அளந்தது எதனால் என்பவற்றுக்கு விடை சொல்ல எழுத்து தெரியவேண்டியதில்லை. கேள்வியில் உங்கள் அப்பா வெல்வார்; கோப்பதில் பேரப்பிள்ளை வெல்லும்; இருவரும் ஓரணியாக அரங்குக்கு வரலாம். இளையவர் ஒருவரும் மூத்தவர் ஒருவரும் சேர்ந்ததே ஓர் அணி என்று விதியாகவே வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

செங்கல்சூளை

அந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் முறை எழுத்துகள் சேர்வதை மெதுவாகக் காட்டவேண்டும். வேகமாக ஓடினால் பயனில்லை. அப்பாவிடம் கலத்தைக் கேட்டேன். பன்னிரண்டு மரக்கால் என்பதைச் சொன்னதோடு, ஒரு மரக்காலுக்கு எட்டுப் படி என்றும் சேர்த்துச் சொன்னார்.

எழுத்தெண்ணி

அப்படியானால் ஒரு மாதிரிப் புதிரை இங்கேயே நடத்திப் பார்ப்போம். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்; தாளில் எழுதிக் காட்டவேண்டாம்.

ஐந்தெழுத்துச் சொல். 1, 2, 5 சேர்ந்தால், பனை தமிழ்நாட்டின் மாநில அடையாளங்களுள் எதுவாக இருக்கிறதோ அது. 1, 3, 5 சேர்ந்தால், இருபத்தேழில் பத்தாவது. குடந்தைக் குளத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் சேர்ப்பது. 2, 4, 5 சேர்ந்தால், மாமல்லபுரத்தில் பாண்டவர் பெயரால் கல்லில் ஐந்து நிற்பவை. 1, 4, 5 சேர்ந்தால், யானைக்குப் பிடித்தால் பாகனும் விலகுவான். முழுச் சொல், ஒன்பதில் ஒன்று, பச்சை நிறம்.

கார்த்திகைப்பூ

மரம், மகம், ரதம், மதம். முழுச் சொல் மரகதம். பாட்டியிடம் கேட்டேன். இரண்டாவதில் 'பன்னிரண்டு ஆண்டு' என்ற சொல் வாயிலிருந்து வந்ததுமே மகாமகம் என்றார். மூன்றாவதை நான் சொன்னேன். 2, 3, 5 சேர்ந்தால் ரகம் என்றும் வருகிறது, அதையும் சேர்த்திருக்கலாம்.

வைகைக்கரை

அம்மாவிடம் வாசித்தேன். நவமணியில் பச்சை என்றவுடன் மரகதத்தைச் சொல்லிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிப் போய் மற்ற நான்கையும் தாமே பிரித்தெடுத்தார். பிறகு சற்று நேரம் விரலால் முறத்தின் விளிம்பில் எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, '3, 4, 5 சேர்ந்தால் கதம் என்று வருமே, அதை ஏன் விட்டுவிட்டார்?' என்று கேட்டார். கதம் என்றால் கோபம். அடக்கமுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் 'கதங்காத்துக் கற்றடங்கல்' என்றுதான் தொடங்குகிறது. எழுத்தெண்ணி அவர்களே, அடுத்த புதிரை எழுதும்போது அவரிடம் முன்னரே கேட்டுவிட்டு அனுப்பச் சொல்கிறார்.